கழுவிய கண்ணாடி

படத்துக்குச் சட்டம் போடுவதில் அந்தக் கடைக்காரரை அடித்துக்கொள்ள ஊரில் ஆள் கிடையாது. "எந்தம்பி துடைச்சா கண்ணாடி இருக்கிறதே தெரியாது" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவருடைய அக்கா பீற்றிக்கொள்வாள்.

அன்று இஸ்திரிக்கார அம்மா ஒரு படம் கொண்டுவந்தார். வெள்ளைக்காரன் நடத்திய தடுப்பு முகாமில் அடைபட்டு உயிர் பிழைத்த சிலர் நீதிமன்ற வாசலில் நின்ற படம். முன்வரிசையில் அந்த அம்மாவும் இருந்தார். கடைக்காரர் அதை அட்டையில் ஒட்டி, சுருங்காமல் காய, தாளில் சுற்றிய வழக்கமான பாரத்தை மேலே வைத்தார்.

"கேஸ் என்னம்மா ஆச்சு?"

"முகாமே நடக்கலைங்கிறான் அந்தப் பக்கத்து வக்கீல். எங்களைக் கட்டிவச்சு அடிச்சதை துரைங்களே படம் புடிச்சானுங்கப்பா. அப்பல்லாம் கண்ணாடித் தகட்டுலதான் படம். அந்தப் பெட்டிங்க எங்க போய்த் தொலைஞ்சுதோ!"

பாரத்தின்மேல் இருந்த கை அப்படியே நின்றது.

கடை திறந்த புதிதில் காயலான் கடையில் அவர் பெட்டி பெட்டியாகப் பழைய தகடுகள் வாங்கினார். கொதிநீரில் சலவை சோடா போட்டுத் தேய்த்தால் கறுப்பாகப் படிந்த படமெல்லாம் கரைந்து ஓடும். நல்ல கண்ணாடி மிஞ்சும். ஊரில் பாதி வீட்டுச் சுவரில் அதுதான். மூலை உடைந்தவற்றுக்கு மட்டும் சோடாவை வீணாக்கவில்லை. அவற்றைத் தாளில் சுற்றிப் பாரமாக வைத்துக்கொண்டார்.

வாயை மூடிக்கொண்டிருடா என்று பக்கத்தில் இருந்த அக்கா கண்ணால் அதட்டினாள். அவர் பாரத்தின் தாளைப் பிரித்து ஒரு தகட்டை வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். நெகட்டிவில் நிறம் தலைகீழாகி, வெள்ளை உடுப்புத் துரை ஒருவர் கரியாக நின்றார். கம்பங்களில் கட்டப்பட்டவர்கள் வெளுத்துத் தெரிந்தார்கள்.

இஸ்திரிக்கார அம்மா வெகுநேரம் பார்த்தார். "மத்ததெல்லாம்?"

"கழுவிட்டேம்மா."

"எங்க வீட்டுக்காரர் படத்துக்குப் போட்டியே, அந்தக் கண்ணாடி?"

"அதுவுந்தாம்மா."

"அதுல யாருப்பா இருந்தாங்க?"

"ஆளுங்க இருந்தது தெரியும். முகத்தைப் பாக்கலைம்மா. சுத்தமாயிடுச்சான்னுதான் பாத்தேன்."

அம்மா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"அடுத்த விசாரணைக்கு நீயும் வா. இப்ப சொன்னதை அங்க வந்து அப்படியே சொல்லு."

"வரேம்மா."

"ஊர் காறித் துப்பும்டா" என்றாள் அக்கா.

"துப்பட்டும்க்கா."

தகடுகளைக் கட்டிக் கொடுக்குமுன், பழக்கதோஷத்தில் தூசி தட்டத் துணியை எடுத்தார். சட்டென்று கீழே போட்டுவிட்டார்.