மெட்டில்டா சிஸ்டரும் சிட்லபாக்கம் சங்கத் தலைவரும்

மெட்டில்டா பெங்களூருக்குப் போய் மனநோய் நர்சிங் படித்துவிட்டுத் தாம்பரம் திரும்பியது 1959-இல். அதுவரை மாதம் ஒன்றாக வந்துகொண்டிருந்த வரன்கள் அந்த வருஷத்தோடு நின்றுபோயின. பைத்தியங்களோடு பகலெல்லாம் இருந்துவிட்டு வருகிற பெண் குடும்பத்தில் எப்படி ஒட்டுவாள் என்று சபை குருவானவரின் மனைவி எல்லோரிடமும் கவலைப்பட்டார். அதே அம்மாள், ஆராதனை முடிந்ததும் அவளைத் தனியாக ஒதுக்கிக் கூப்பிட்டு, தன் தம்பிக்குத் தூக்கம் வர என்ன மாத்திரை கொடுக்கலாம் என்று காதோடு கேட்டதும் உண்டு. மெட்டில்டா மாத்திரை சொல்லவில்லை. தம்பியை அழைத்து வரச் சொன்னாள். அந்த அம்மாளுக்கு அதுவும் ஒரு குறையாயிற்று.

கிழக்குத் தாம்பரத்தில் டாக்டர் ராஜகோபாலன் நடத்திய பன்னிரண்டு படுக்கை நர்சிங் ஹோமில் அவள் தலைமை நர்ஸ். அங்கே சேர்ந்தவர்கள் ஒருவரும் அங்கே சேர்ந்ததில்லை. ஒருத்தர் ஊட்டியில் ஓய்வெடுத்தார், இன்னொருத்தர் தங்கை பிரசவத்துக்குத் திருச்சி போயிருந்தார். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் தெருமுனையிலேயே ரிக்‌ஷாவை நிறுத்தி இறங்கி, குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார்கள். வெயிலோ மழையோ இல்லாத நாளிலும்தான்.

சிட்லபாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு சின்ன போர்ஷனில் மெட்டில்டா வாடகைக்கு இருந்தாள். எதிர் வரிசையில் ரயில்வே ஆபீஸ் சூப்பரிண்டெண்டென்ட் சாம்பசிவன் வீடு. நாற்பத்தெட்டு வயது. சட்டைப் பையில் இரண்டு பேனா. சத்தமாகத் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்கிற சுபாவம். காலனி நலச் சங்கக் கூட்டங்களில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, காபி வந்ததும் குடித்துவிட்டுப் போகிறவர்.

1971 பங்குனியில் அந்த மனிதர் திடீரென்று பேச எழுந்தார். ஒன்றரை மணி நேரம் பேசினார். தெருவிளக்கு, பஸ், ஏரியைத் தூர்வாருவது, ஏரியில் படகு விடுவது, படகுத்துறையில் நூலகம். கூட்டம் சொக்கிப்போய்விட்டது. ஒரு வாரத்தில் அறுபது மனு எழுதினார். டெல்லிக்குத் தந்தி கொடுத்தார். விடியற்காலை நாலு மணிக்கு வீடு வீடாகக் கதவைத் தட்டி, ஓய்வு பெற்ற தாசில்தார்களைக் கூட மண்வெட்டியோடு ஏரிக்குக் கூட்டிப் போனார். அதிசயம் என்னவென்றால், எவனோ ஓர் அதிகாரி அந்த மனுக்களுக்குப் பயந்து பதினான்கு டியூப்லைட் போட்டுக் கொடுத்தான். அன்று மாலையே சாம்பசிவனை ஏகமனதாகச் சங்கத் தலைவராக்கினார்கள்.

மெட்டில்டா எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு அணைவதே இல்லை. மனைவி சாவித்ரி கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு குழாயடியில் நின்று சொன்னாள்: "ஒன்பது நாளா தூங்கலை சிஸ்டர். சாப்பாட்டுத் தட்டுல உட்கார்ந்தா ரெண்டு வாய்தான். கேட்டா சிரிக்கிறார். நேத்து என்னைப் பார்த்து, 'நீ சாதாரண மனுஷி, உனக்குப் புரியாது'ன்னுட்டார். இருபத்திரண்டு வருஷத்துல அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை."

மெட்டில்டா நேராகச் சங்கச் செயலாளர் ஸ்ரீநிவாசனிடம் போனாள். அவர் ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர். எதையும் நிரூபிக்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"சார், அவருக்கு உடம்பு சரியில்லை. இது ஒரு நோய். இப்பவே டாக்டர்கிட்ட காட்டிட்டா சுலபமா அடங்கும்."

ஸ்ரீநிவாசன் சிரித்தார். "சிஸ்டர், தப்பா எடுத்துக்காதேள். நீங்க பழகற இடம் அப்படி. உங்க கண்ணுக்கு எல்லாரும் அப்படித்தான் தெரிவா. இந்தக் காலனியில முதல் தடவையா ஒரு மனுஷன் சுறுசுறுப்பா இருக்கான். அதுவும் பொறுக்கலையா?"

"அது சுறுசுறுப்பு இல்லை சார்."

"பதினாலு டியூப்லைட் எரியறது. வேற என்ன பேர் சொல்றது அதுக்கு?"

அடுத்த வெள்ளிக்கிழமை சாம்பசிவன் பஸ்ஸைக் கொண்டுவந்தார். மனு போட்டு அல்ல, கையோடு. தாம்பரத்தில் கூடுவாஞ்சேரி போகப் புறப்பட்டு நின்ற பஸ்ஸில் ஏறி, டிரைவரிடம் தன் ரயில்வே பாஸை நீட்டி, மூன்று நிமிஷம் ஆங்கிலத்தில் பேசியிருக்கிறார். 'சோதனை ஓட்டம்' என்ற சொல்லை மட்டும் தமிழில் சொல்லியிருக்கிறார். டிரைவர் மரியாதையாக வண்டியைத் திருப்பிவிட்டார். உள்ளே கூடுவாஞ்சேரிக்காரர்கள் இருபது பேர் கூச்சலிட, பஸ் ஏரிக்கரை மண் சாலையில் குலுங்கிக்கொண்டு வந்து நின்றது. படிக்கட்டில் ஒரு கையால் தொங்கியபடி தலைவர் மற்றொரு கையை ஆட்டினார்.

காலனி திரண்டு வந்தது. தேங்காய் உடைத்தார்கள், பஸ்ஸுக்கு ஒரு மாலை, தலைவருக்கு ஒரு மாலை. ஸ்ரீநிவாசன் அவரைப் பகீரதனோடு ஒப்பிட்டுப் பேசி முடிக்கவும் போலீஸ் ஜீப் வரவும் சரியாக இருந்தது.

சப் இன்ஸ்பெக்டர், "யார் சார் இதுக்குப் பொறுப்பு?" என்றார்.

ஸ்ரீநிவாசன் ஓரடி பின்வாங்கினார். "அவருக்கு மூளை கொஞ்சம் சரியில்லை சார். எங்களுக்கு அப்பவே தெரியும். சங்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது."

மெட்டில்டா கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள். சப் இன்ஸ்பெக்டரிடம் போய் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். பிறகு சாம்பசிவனிடம், "சார், டாக்டர் உங்களைப் பார்க்கணுங்கறார். நானும் கூட வர்றேன்" என்றாள். மாலையைக் கழற்றச் சொல்லவில்லை. அவர் மாலையோடேயே ஜீப்பில் ஏறினார்.

நர்சிங் ஹோமில் அவர் உட்காரவே இல்லை. உட்காராத மனிதனுக்கு இலை போட்டு என்ன பயன்? இட்லியைப் பொடி தடவிக் கையில் கொடுத்து, நடந்துகொண்டே தின்னவிட்டாள். அறையிலிருந்த காலண்டரையும் ரேடியோவையும் எடுத்தாள். பார்வையாளர்களை நிறுத்தினாள். கூட்டம் இருந்தால்தானே பேச்சு. அவர் சொன்னதை மறுக்கவும் இல்லை, ஆமாம் போடவும் இல்லை. வார்டு பாய் என்று எல்லோரும் கூப்பிட்ட, ஐம்பது வயது சிட்டிபாபு அவருக்குத் துணையிருந்தான்.

"சிஸ்டர், அய்யரு என்னை இன்னிக்கு ஜெனரல் மேனேஜரா ஆக்கிட்டாரு. நாளைக்கு இன்னா ஆக்கப் போறாரோ, பேஜாரா கீது" என்றான்.

"மாத்திரையை முழுங்கினாரா?"

"ஆர்டருன்னு சொன்னேன். கையெழுத்துப் போட்டுக்கினு முழுங்கினாரு."

மூன்று வாரத்தில் தணிந்து வீட்டுக்குப் போனார். ஆபீஸிலிருந்து மெமோ வந்திருந்தது. தான் செய்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஆவணி பிறந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. குளிக்கவில்லை, பேசவில்லை.

இப்போது காலனிக்கு மருத்துவ ஞானம் பெருகியது. சாத்துக்குடியும் கையுமாக வந்து உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன சார் குறை? சொந்த வீடு, நல்ல மனைவி" என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருத்தர் போனதும் அவர் இன்னும் கொஞ்சம் சுருண்டார். குன்றத்தூர் மலையேறி வந்தால் சரியாகும் என்றார் ஒருவர். கட்டிலிலிருந்து இறங்க முடியாதவரை மலையேற்றச் சொன்ன அந்த மனிதரை யாரும் டாக்டரிடம் காட்டவில்லை. ஸ்ரீநிவாசன் தம் பங்குக்கு, "வில் பவர் வேணும்" என்றார்.

சாவித்ரியே அவரை மறுபடி நர்சிங் ஹோமில் கொண்டுவந்து சேர்த்தாள்.

மெட்டில்டா காலையில் ஒரு கால் மணி, மாலையில் ஒரு கால் மணி அவர் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பேசவில்லை, ஊசியும் நூலுமாக ஏதாவது தைத்துக்கொண்டிருப்பாள். முதல் வாரம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம், "உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்றார். "இதுதான் சார் வேலை" என்றாள்.

ஐந்தாம் வாரம் ஒரு காலை, சாம்பசிவன் தானாகவே எழுந்து முகச்சவரம் செய்துகொண்டார். காபி நன்றாக இருக்கிறது என்றார். வெகுநாள் உழைத்த சிட்டிபாபுவுக்குத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். டாக்டர் ராஜகோபாலன் கையைத் தேய்த்துக்கொண்டு, "பார்த்தீங்களா சிஸ்டர், மருந்து பிடிச்சிடுச்சு. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார். சாவித்ரி அழுதுகொண்டே சிரித்தாள்.

மெட்டில்டா மட்டும் சிட்டிபாபுவின் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். எழவே பலமில்லாதவனுக்குச் சாகவும் பலமில்லை. பலம் திரும்பி, மனம் திரும்பாத இந்த நாலு நாள்தான் மோசம். அவள் அதை இருமுறை பார்த்திருந்தாள். இரண்டாவது முறை, வீட்டுக்கு அனுப்பிய மறுநாள், சாவுச் செய்தியாகத்தான் வந்தது.

"நாளைக்கு வேண்டாம் டாக்டர்."

"ஏன்? நீங்க டாக்டரா, நான் டாக்டரா?"

"நீங்கதான் டாக்டர். கடிகாரத்தை ஏன் கொடுத்தார்னு கேட்டீங்களா?"

அவள் அறைக்குள் போனாள். தலையணை உறையைத் தடவினாள். விழுங்கியதாகக் காட்டிவிட்டுச் சேர்த்துவைத்த மாத்திரைகள் ஒரு கைக்குட்டையில் முடிச்சாக இருந்தன. சாம்பசிவன் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் முடிச்சைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை.

"சாகணும்னு தோணுதா சார்?"

வாசலில் நின்ற சாவித்ரி, "ஐயோ, அபசகுனமா என்ன கேள்வி இது!" என்று பதறினாள். டாக்டரும் முகத்தைச் சுளித்தார்.

சாம்பசிவன் கட்டிலில் உட்கார்ந்தார். "ஆமா" என்றார். "ரொம்ப நாளா. இத்தனை பேர் வந்தாளே, ஒருத்தர் கேட்கலை." அதன் பிறகு அவர் அழுதார். மூன்று மாதத்தில் முதல் அழுகை. மெட்டில்டா முதுகைத் தட்டவில்லை, எல்லாம் சரியாகும் என்று சொல்லவும் இல்லை. அழுது முடிக்கும்வரை இருந்தாள். அன்றிலிருந்து பத்து நாள், அவரருகே எப்போதும் ஓர் ஆள் இருந்தார். மாத்திரை கொடுத்தால் வாயைத் திறந்து காட்டச் சொன்னார்கள். சிட்டிபாபு கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்து, "எனுக்கு மணி பாக்கத் தெரியாது சார், நீங்களே வெச்சிக்கினு சொல்லுங்க" என்றான். பொய்தான், நன்றாகத் தெரியும்.

இப்படிப் பொங்குவதும் அடங்குவதுமான நோய்க்கு அப்போதுதான் லித்தியம் என்ற மாத்திரை வந்திருந்தது. டாக்டர் அதை ஆரம்பித்தார். அளவு கூடினால் விஷம் என்பதால் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பட்டணத்துக்கு அனுப்ப வேண்டும். மெட்டில்டாவே குழாயைப் பையில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். கை நடுங்குகிறதா, வயிறு போகிறதா, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று சாவித்ரிக்குக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தாள். அடுத்த தையில் சாம்பசிவன் ஆபீஸுக்குத் திரும்பினார். தூங்கினார், சாப்பிட்டார். தும்மினால் மன்னிப்புக் கேட்டார்.

காலனிக்குத்தான் திருப்தியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீநிவாசன் மெட்டில்டாவின் வீட்டுக்கு வந்தார். அவள் வீட்டு வாசலை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார்.

"சிஸ்டர், உங்க கையில ஒரு காரியம். குடிதண்ணி இணைப்புக்கு மனு போட்டு ஒரு வருஷமாறது. ஃபைல் நகர மாட்டேங்கறது. சாம்பசிவன் இப்ப ரொம்ப டல்லா இருக்கார்."

"நல்லா இருக்கார் சார்."

"அதைத்தான் சொல்றேன். அந்த மாத்திரையை… முழுசா நிறுத்தச் சொல்லலை. ஒரு பாதியாக் குறைச்சா? ஒரு மாசம் போதும். தண்ணி வந்துட்டா அப்புறம் பழையபடி கொடுத்துடலாம்."

மெட்டில்டா பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாகக் கட்டிப்போட வேண்டியிருந்தவர்களையும் கூச்சலிட்டவர்களையும் பார்த்திருக்கிறாள். ஒருவர்கூட இவ்வளவு நிதானமாக, சட்டை இஸ்திரி கலையாமல், இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

"ரெண்டாம் நம்பர் படுக்கை காலியா இருக்கு சார்" என்றாள். "வேணும்னா நீங்க வந்து படுத்துக்கலாம்."

ஸ்ரீநிவாசன் எழுந்து போய்விட்டார். அந்த நர்ஸுக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது என்று பதினைந்து நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுத்த பொதுக்குழுவில் சாம்பசிவனுக்கு நன்றி சொல்லி, ஒரு பொன்னாடை போர்த்தி, தலைவர் பதவியிலிருந்து விடுவித்தார்கள். அவர் சந்தோஷமாகக் கடைசி பெஞ்சுக்குப் போனார்.

1976 சித்திரையில் ஒரு காலை அவர் தனியாக, கையில் ஒரு துணிப்பையோடு, நர்சிங் ஹோம் படியேறி வந்தார். குடை இல்லை. ரிக்‌ஷாவைக் கேட்டிலேயே நிறுத்தியிருந்தார்.

"சிஸ்டர், நேத்து விடிகாலை மூணு மணிக்கு எழுந்து பிரதம மந்திரிக்கு நாலு பக்கம் எழுதினேன். ரொம்ப நன்னா வந்திருந்தது" என்றார். "அதான் பயந்து வந்துட்டேன்."

"கடிதத்தைப் போஸ்ட் பண்ணிட்டீங்களா?"

"இல்லை. சாவித்ரிகிட்ட கொடுத்துட்டேன்."

மெட்டில்டா அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். பதினோரு நாள் இருந்தார். போகும்போது சிட்டிபாபுவுக்குக் கொடுக்க ஒரு வேட்டி வாங்கி வரும்படி சாவித்ரியிடம் சொல்லியிருந்தார். அது அந்தக் கடிகாரம் மாதிரியா, நல்ல புத்தியோடு கொடுத்ததா என்று மெட்டில்டா முதலில் அவரை டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொண்டுதான் சிட்டிபாபுவை வாங்கிக்கொள்ள விட்டாள்.