ஐந்து பேர் வேண்டிய வகுப்பு

மாக் மண்டின் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் லோகேஸ்வரனுக்கு ஆறு வருடமாகக் கிளப்பின் ரேடியோ விமானப் போட்டியில் கடைசி இடம்தான். அவர் ரேடியோவில் ஓட்டுவது, எழுபதுகளில் வந்த வரைபடத்தை வைத்துத் தானே கட்டிய மரத்து விமானம். மற்றவர்களுடையது புதுசு, குட்டிக்கரணம் போட்ட கையோடு மூக்கை நிமிர்த்திக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். இவருடையது நிற்கப் பார்த்தால் விழும்.

பழைய மாடல்களுக்குத் தனிப் போட்டி வையுங்கள் என்று கிளப்பை நச்சரித்தார். செயலாளர் நோர்மா ஒருவழியாக இறங்கி வந்தார். ஞாயிறு பன்னிரண்டு மணிக்குள் ஐந்து பேர் பெயர் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இனி அந்தப் பேச்சே கூடாது.

இவரும் நண்பர் வின்சென்ட்டும் இரண்டு பேர். மீதி மூன்று பேருக்காக லிட்டில் இந்தியா கடைகளில் நோட்டீஸ் ஒட்டினார். கிளப்பில் போட்டிப் பிரிவைச் சொல்லும் 'கிளாஸ்' என்ற சொல் மனசில் ஓட, அதை அப்படியே தமிழில் எழுதினார்: "பழைய மாடல் ரேடியோ விமானம்: புதிய வகுப்பு. ஞாயிறு காலை, சுங்கை பாக்காப் திடல்."

ஞாயிறு பதினொரு மணிக்கு திடலோரம் ஒன்பது காடிகள் வந்து நின்று, கார்க் கதவுகள் திறந்தன. மூன்று கேட்டால் ஒன்பதா என்று லோகேஸ்வரன் எதிரே ஓடினார். முதல் காடியிலிருந்து, மசாலாக்கடை நவமணி இரண்டு மகள்களோடு இறங்கினாள். பிள்ளைகள் கையில் நோட்டுப் புத்தகம், தண்ணீர்ப் போத்தல்.

"அண்ணே, வகுப்பு எத்தன மணிக்கு? சர்டிபிகேட் உண்டுதானே?"

வின்சென்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, லோகேஸ்வரன் காதோரம் சொன்னார். "வகுப்புன்னு போட்டா டியூஷன்னுதான்டா வருவாங்க! போட்டிப் பிரிவுன்னு போட்டிருக்கணும் லா."

"சிரிக்காதடா." லோகேஸ்வரன் கூட்டத்தைப் பார்த்தார். "யார்கிட்டயாச்சும் பழைய விமானம் இருக்கா?"

"கொண்டுவரச் சொல்லி நோட்டீஸ்ல இல்லயே, அண்ணே?" என்றாள் நவமணி. "நீங்க குடுப்பீங்கன்னுல்ல நெனச்சோம்."

தப்பு என்னுடையது, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். தீவிலிருந்து கடற்பாலம் தாண்டி வந்த முகங்களைப் பார்த்ததும், தன் விமானத்தை எடுத்துப் பிள்ளைகளிடம் காட்டத் தொடங்கினார்.

பன்னிரண்டு அடித்தது. நோர்மா பெயர் பதியும் தாள்களோடு வந்தார். "டுவா சஜா, லோகேஸ்?" ரெண்டே ரெண்டுதானா என்று கேட்ட குரலில் கோபம்கூட இல்லை. தனிப் பிரிவுக்கான தாளை மடித்து வைத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவான போட்டியின் தாளை நீட்டினார்.

வேறென்ன செய்வது? லோகேஸ்வரன் குனிந்து, ஏழாவது வருடமாக, அதில் பெயரை எழுதினார். நிமிர்ந்து பார்த்தால் பின்னால் ஒரு வரிசை.

"தள்ளிக்கோங்க, அண்ணே," என்றாள் நவமணி, பேனாவைத் திறந்தபடி. "வகுப்புக்குப் பிள்ளைங்க பேர எழுதணும்."