வலது காதில் ஒரு ‘ம்’

நடந்ததைத்தான் எழுதுகிறேன். நம்பாவிட்டால் விட்டுவிடுங்கள். யாரையும் உட்காரவைத்து நம்பவைக்கும் தெம்பு எனக்கு இப்போது இல்லை.

என் பெயர் சுஹைரா. திருகோணமலையில், துறைமுகத்தில் கப்பல் ஊதினால் ஜன்னல் கண்ணாடி அதிரும் தூரத்தில் எங்கள் வீடு. என் கணவர் றுவைஸ் இந்த வருடம் கந்தளாய் வீதியில் லொறி மோதி மௌத்தானார். நான் அழவில்லை. வந்தவர்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் அவர்களுடைய செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இத்தா. நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் முன்னால் போகக் கூடாது. வீடு றுவைஸின் உம்மா, மாமி பஹ்மியாவுடையது. மாமி கெட்டவர் இல்லை, ஆனால் பேச்சு கத்தி. என் பேருக்கு ஒரு களங்கம் வந்தால் அந்த வீட்டில் எனக்கு இடமில்லை. போக வேறு இடமும் இல்லை. உம்மாவும் வாப்பாவும் இல்லை. தம்பி இன்பாஸ் இன்னும் இரண்டு பேரோடு ஒரே அறையில் இருக்கிறான்.

அப்போதுதான் என்னோடு படித்த அனுஷியா கொழும்பிலிருந்து போன் எடுத்தாள். பிள்ளைகளுக்குக் கதை வாசித்து இணையத்தில் போடுகிறாளாம், குரல் தேவையாம். கேட்கப்போவது சின்னப் பிள்ளைகள்தானே என்று மாமியும் விட்டுவிட்டார்.

லப்டொப் இருந்தது. மைக்கை அனுஷியா அனுப்பினாள். மைக்கை லப்டொப்போடு இணைக்கும் சவுண்ட் கார்ட் மட்டும் நான் வாங்க வேண்டும். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் வேண்டும். கலர் கலராகப் பொத்தான் வைத்து, அமத்தினால் கைதட்டும் சிரிக்கும் மலிவுப் பெட்டிகள் நிறைய உண்டு. அதை வாங்கினால் என்னோடு கதைக்காதே என்று அனுஷியா சொல்லிவிட்டாள். நீங்கள் பேசாதபோதும் அது இரையும். நல்லதில் புதிதாக வாங்கக் காசு காணாது. கடைசியில் பழைய சாமான் விற்கும் இணையப் பக்கமொன்றில் ஒரு இரும்புப் பெட்டியைக் கண்டேன். இரண்டு மைக் செருகலாம். எனக்கு ஒன்றே போதும். இரைச்சல் இல்லை என்று விற்பவர் எழுதியிருந்தார். இன்பாஸ் உப்புவெளிக்குப் போய் வாங்கி வந்தான்.

எங்கள் ஒழுங்கையில் பதிவு செய்ய ஒரு நேரம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரம். ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில். ஓட்டோ இல்லை, மீன்காரன் இல்லை, தகரம் தட்டுபவனின் சுத்தியலும் இல்லை. கொத்பா பிரசங்கம் தொடங்கினால் முழு ஒழுங்கையும் அடங்கிவிடும்.

முதல் வெள்ளி. அறைக் கதவைப் பூட்டி, மின்விசிறியை நிறுத்தி, முதல் துளையில் மைக்கைச் செருகி வாசித்தேன். பேசும்போது அந்தத் துளையின் பக்கத்தில் பச்சை விளக்கு மின்னும். சரிதான். ஆனால் நான் வசனத்தை முடித்து மூச்சு வாங்கும்போதெல்லாம்... இரண்டாவது விளக்கும் ஒருதரம் மின்னியது. அதில் ஒன்றுமே செருகியிருக்கவில்லை.

பழைய பெட்டிதானே என்று விட்டுவிட்டேன்.

நான் பழக்கமில்லாதவள். இரண்டு துளையையும் சேர்த்தே பதிந்திருக்கிறேன். இடது காதில் என் குரல், வலது காதில் அந்த வெறுந்துளை. அப்படியே அனுப்பியும் விட்டேன்.

அன்று பின்னேரம் அனுஷியா போன் எடுத்தாள். குரலை இறக்கிக் கதைத்தாள்.

“சுஹைரா, கோவிக்காத. உன்ர அறையில ஆர் அந்த ஆம்பிளை?”

நான் ஹெட்போனைப் போட்டுக் கேட்டேன். இடது காதில் நான் வாசிக்கிறேன். ஒரு ஊரில் ஒரு முயல் இருந்தது. வலது காதில்...

ம்.

அந்த முயலுக்கு ஒரே பசி.

ம்.

கதை கேட்பவர் ம் கொட்டுவதுபோல. வயதான ஆண் குரல். மிக அருகில்.

எனக்குப் பயம் வரவில்லை. உடம்பு மரத்துப்போய்க் கிடந்தது. ஒன்று மட்டும் ஓடியது. இதை மாமி கேட்டால் நான் முடிந்தேன்.

ஆனால் மாமி வாசலில்தான் நின்றார். ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்தார். முகம் கறுத்தது. கட்டிலுக்குக் கீழே பார்த்தார். அலுமாரியைத் திறந்தார். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார்.

“இது என்ட மகன்ட குரல் இல்ல,” என்றார். “ஆர்ட குரல் எண்டு நீதான் சொல்லணும்.”

தெரியாது என்றேன். நம்பவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது.

அடுத்த வெள்ளி மாமியே என் அறையில் வந்து உட்கார்ந்தார். கதவைத் தன் கையால் பூட்டினார். பன்னிரண்டரைக்கு வாசிக்கத் தொடங்கினேன். ஹெட்போன் மாமியின் தலையில். நான் முதல் வசனத்தை முடித்தேன்.

இரண்டாவது விளக்கு மின்னியது.

மாமி என் கையைப் பிடித்தார்.

பழைய பதிவு ஏதும் பெட்டிக்குள் சிக்கியிருக்கும் என்று மாமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விற்றவரிடம் கேட்கும்படி இன்பாஸைக் கூப்பிட்டார். அந்நிய ஆணோடு பேச்சு என்பதால் நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். அவன் போனை ஸ்பீக்கரில் போட்டான். மறுபக்கம் கோணேஸ்வரன் என்ற ஐயா. கோயில் பாட்டுகள் பாடிப் பதிபவராம். பெட்டியில் ஒரு சிக்கல் என்று இன்பாஸ் சொல்லத் தொடங்கினான்.

“ம்,” என்றார் அவர்.

மாமி திரையை விலக்கி என்னைப் பார்த்தார்.

“ம்...”

அதே குரல்.

உயிரோடு இருக்கிற மனுசன். உப்புவெளியில்.

எங்கள் வீட்டுப் பக்கம் எப்போதாவது வந்தீர்களா என்று இன்பாஸ் கொஞ்சம் சூடாகக் கேட்டான். வந்ததில்லை என்றார். பிறகு அவரே கேட்டார்.

“தம்பி, அந்தப் பெட்டியில உங்களுக்கும் ஏதும் கேட்குதோ?”

ஓம் என்றான்.

“நான் அதாலதான் வித்தனான். வெள்ளிக்கிழமை மத்தியானத்தில அதுக்குள்ள ஒரு பொம்பிளைப் பிள்ளை கதை வாசிக்கும். எனக்கும் தனிமைதானே. ம் கொட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு இருப்பன்.”

பிறகு ஏன் விற்றீர்கள் என்று இன்பாஸ் கேட்டான்.

“ஒரு நாள் கதை பாதியில நிண்டிட்டுது. ஏதோ விழுந்த சத்தம். பிறகு ஒரு வயசான அம்மா கூப்பிட்டு அழுதவ. ‘சுஹைரா, எழும்பு மகள். றுவைஸுக்கு நான் என்ன பதில் சொல்ற, எழும்பு’ எண்டு. கனநேரம் கூப்பிட்டவ. ஒருத்தரும் எழும்பேல்ல.”

இன்பாஸ் அவரிடம் எங்கள் பெயர்களைச் சொல்லியிருக்கவில்லை.

எப்போது கேட்டீர்கள் என்று கேட்டான்.

“போன வருசம். தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை.”

அப்போது றுவைஸ் உயிரோடு இருந்தார். அதே வீட்டில் எங்களோடு இருந்து சோறு தின்றார். நான் ஒரு கதையும் வாசிக்கத் தொடங்கியிருக்கவில்லை.

பெட்டியை இன்பாஸ் கொண்டுபோய் எங்கேயோ போட்டுவிட்டான். எங்கே என்று நான் கேட்கவில்லை. அனுஷியா வேறொன்று அனுப்பியிருக்கிறாள், ஒரே ஒரு துளை. வெள்ளிக்கிழமைகளில் இன்னும் வாசிக்கிறேன். பக்கத்தில் மாமி இருக்கிறார்.

ஆனால் அன்றிலிருந்து மாமி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாப்பிடவென்றாலும், சுபஹ் தொழுகைக்கு எழுப்பவென்றாலும், நடந்து வந்து என் தோளைத் தொடுகிறார். நான் அசையும்வரை கையை எடுப்பதில்லை.