வேப்பிலை வாசலில் ஊசி

விடுதி நர்ஸ் வேலையில் ஊசி குத்துவது சுலபம். சம்மதிக்க வைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். என்னைப் போல ஐஸ் பெட்டியும் கையுமாக அலைகிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

திருத்தணியில் எங்கள் பெண்கள் விடுதியில் ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை போட்டது. உடனே அதே விடுதியில் இருக்கும் கௌசியைத் தேடி ஓடினேன். சிறுநீரகக் கோளாறுக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். அம்மை வந்தால் அவள் உடம்பு தாங்காது. அந்த மாத்திரையால் அம்மைத் தடுப்பூசியும் போடக் கூடாது. டாக்டர் சொன்னபடி அவளைத் தனியாக மாடி அறைக்கு மாற்றினேன். மற்றவர்கள் அத்தனை பேருக்கும் உடனே ஊசி போட்டே தீருவது என்று முடிவு கட்டினேன்.

வாசல் தோரணம்

அனுமதி கேட்டுப் பெற்றோரை வரச் சொன்னேன். வந்தவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே வாசலோடு திரும்பிப் போனார்கள். என்னடா என்று போய்ப் பார்த்தால், சமையல் செய்யும் ரேணுகாக்கா வாசல் நெடுக வேப்பிலை கட்டியிருக்கிறார்! அம்மா வந்த வீட்டில் யார் ஊசி போட விடுவார்கள்? எனக்கு வந்ததே கோபம். ஆனால் பிய்த்தெறிந்தால் ஒரு பிள்ளைக்கும் போட முடியாது.

கொத்தோடு அவிழ்த்து, அம்மை கண்ட பிள்ளை படுத்திருந்த அறைக் கதவில் பயபக்தியாகக் கட்டினேன். "அம்மா இந்த ரூம்லதான் கீறா. இங்க ஊசியே வராது. மத்த ரூமுங்க எல்லாம் என்னுது" என்றேன். ரேணுகாக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆங், அப்ப சரி சிஸ்டர். நானே போயி பெத்தவங்கள கூட்டியாறேன்."

தறிக்காரர்

அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டும் ஒருவர் மட்டும் மசியவில்லை. "எம்பொண்ணு கல்லு மாரி கீறா. அவளுக்கு எதுக்கு ஊசி?" என்றே நின்றார்.

"வாங்கண்ணா" என்று மாடிக்குக் கூட்டிப்போய் ஜன்னல் வழியாகக் கௌசியைக் காட்டினேன். முகம் உப்பிப்போன குழந்தை அவருக்குக் கையாட்டினாள். "இவளுக்கு ஊசி போட முடியாதுண்ணா. உங்க பொண்ணுக்கு வராம இருந்தாத்தான் இவளுக்கும் வராது" என்றேன். மனுஷர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அந்தப் பொண்ணுக்கும் சேத்து எம்பொண்ணுக்கு ரெண்டா குத்திடுங்க சிஸ்டர்."

கீழே இறங்கியவள்

ஊசிக்குப் பிறகும் ஒருத்திக்கு நாலு கொப்புளம் எட்டிப் பார்த்தது; அதோடு நின்றது. டாக்டர் சரி என்றதும் கௌசியைக் கீழே அழைத்து வந்தேன்.

தறிக்காரர் மகள் ஓடிவந்து சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். "உன்னாலதான்டி எனக்கு இவ்ளோ வலி!" என்று சண்டைக்கு நின்றாள். கௌசி அந்தக் கையைப் பிடித்து ஊதிவிட்டாள். "இன்னுமா வலிக்குது? உன் வீட்டுப்பாடத்த நானே எழுதித் தர்றேன், வுடு."

குத்து வாங்கியவள் ஒருத்தி, பிழைத்தவள் இன்னொருத்தி, ஊர்ப்பட்ட திட்டு வாங்கியவள் நான்; அடுத்த வருஷம் புதுப் பிள்ளைகள் வரும்போதும் வாங்கத்தான் போகிறேன்.