அக்கரையில போட்ட மேடை

அந்தப் படத்துக்கு என்ன பேருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இங்கிலீசு எழுத்து நமக்கு ஆகாது. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், பர்மா எழுத்து பஸ் நம்பரு பாக்குற அளவுக்கு வரும், அம்புட்டுதான். போன வாரம் கரண்டு இல்லாத ஒரு மத்தியானம், பேத்தி செல்போனைக் கையில வச்சுக்கிட்டு எதையோ பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. எட்டிப் பாத்தா, கருப்பு வெள்ளையில வெள்ளைக்காரப் பொண்ணுங்க வரிசையா நின்னு காலைத் தூக்கி ஆடுதுங்க. "அபோ, இது உங்களவிடப் பழசு"ன்னுச்சு. அபோன்னா பர்மாப் பாஷையில தாத்தா. இந்தப் பிள்ளைக்குத் தமிழ் காதுல போகும், வாயில வராது.

சின்ன வயசுல நான் பாத்த அதே படம். எந்திரிச்சுப் போயி ஜன்னல்கிட்ட நின்னேன். என் அத்தைங்க ரெண்டு பேரும் ஞாபகத்துக்கு வந்துட்டாங்க.

எங்கப்பாவுக்கு ரங்கூன் தொறைமுகத்துல கப்பல் சாமான் எறக்குற வேலை. அவருக்குக் கூடப்பொறந்த தங்கச்சிங்க ரெண்டு பேரு, தாய் தகப்பன் இல்ல, எங்க வீட்டுலதான் இருந்தாங்க. பெரியத்தைக்கு ஆட்டம் வரும். சின்னத்தைக்குப் பாட்டு வரும். ஆட்டம்னா யாருகிட்டயும் கத்துக்கிட்டதில்ல. கோயில் மேளத்தையும், தெருவுல மேடை போட்டு ஆடுற பர்மாக்காரங்க ப்வேயையும் பாத்துப் பாத்து வந்தது. ப்வே தெரியுமில்ல? பாட்டு, ஆட்டம், கோமாளி, ராசா கதை எல்லாம் உண்டு. இப்ப முன்ன மாதிரி எங்க நடக்குது?

எனக்கு அப்ப ஏழு வயசு இருக்கும். டவுன்ல ஒரு கொட்டகையில காலைக் காட்சிக்கு பழைய இங்கிலீசுப் படமாப் போடுவான். அப்பவே பழசு, மழை பேயுற மாதிரி கோடு கோடா ஓடும். "ஆம்பளத் தொணை இல்லாம கொமரிங்க வாசப்படி எறங்கக் கூடாது"ன்னு எங்கம்மா சட்டம் போட்டிருந்தாங்க. அந்த ஆம்பள நான்தான். நாற்காலியில ஒக்காந்தா முன்னாடி இருக்கறவன் முதுகுதான் தெரியும். பெரியத்தை மடியில ஒக்காந்துக்கிட்டுத்தான் அவங்களுக்குக் காவல் இருந்தேன்.

படத்துல அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. மேடையில ஆடிப் பேரு வாங்கணும்னு பெரிய பட்டணத்துக்கு வர்றாங்க. ஆடுறாங்க, அழுவுறாங்க, திரும்ப ஆடுறாங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அத்தைங்களுக்கும் இங்கிலீசு தெரியாது. ஆனா வீட்டுக்கு வர்ற வழி பூரா ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க.

"ரெண்டு பேரையும் சேத்து மேடை ஏத்துனா ஏத்து, இல்லாட்டி நாங்க வரலைன்னு அந்த அக்காகாரி எப்படிச் சொன்னா பாத்தியா?" இது பெரியத்தை.

"அப்படி எங்க சொன்னா? பசிக்குதுன்னு சொன்னா." இது சின்னத்தை.

அந்தப் படம் கொட்டகையில இருந்த வரைக்கும் திரும்பத் திரும்பப் போனோம். நாங்க குடியிருந்த மேல்வீட்டுப் பலகைத் தரையில ரெண்டு பேரும் ஆடிப் பாப்பாங்க. பெரியத்தை வலது பக்கம், சின்னத்தை இடது பக்கம். நடுவுல ஒரு தலகாணியப் போட்டு, அதத் தாண்டி யாரும் வரக்கூடாதுன்னு பெரியத்தை கணக்கு. இங்கிலீசு மெட்டுக்கு சின்னத்தை பர்மா வார்த்தை போட்டுப் பாடும். கீழ்வீட்டு ராவுத்தர் பாத்திரக் கடைக்காரரு, குச்சியால மோட்டுவளையத் தட்டி, "ஏம்மா, மேல என்ன ஜட்கா குதிர கட்டிருக்கீங்களா?"ன்னு கத்துவாரு. "குதிர இல்ல ராவுத்தரே, ஒட்டகம்!"னு சின்னத்தை திருப்பிக் கத்தும். அதுக்கு வாய் ஜாஸ்தி.

அந்த வருசம் பக்கத்து வட்டாரத்துல ப்வே போட ஒரு கூட்டம் வந்து தங்கியிருந்துச்சு. அதுக்கு ஒரு ஸயா. ஸயான்னா வாத்தியார், கூட்டத்துக்கு அவரு வச்சதுதான் சட்டம். ஒரு நாள் காலையில, எங்கம்மாவுக்குத் தெரியாம, என்னையும் இழுத்துக்கிட்டு ரெண்டு பேரும் அவரு முன்னாடி போயி ஆடிக் காட்டிட்டாங்க. ஸயா வெத்தல மெல்லுறத நிறுத்திட்டுப் பாத்தாரு. ரெண்டு கலா பொண்ணுங்க பர்மாப் பாட்டுக்கு வெள்ளக்கார ஆட்டம் ஆடுனா சனங்க கூடும்னு சிரிச்சாரு. கலான்னா நம்மளத்தான், இந்தியாக்காரங்கள. அவ்வளவு மரியாதையான வார்த்தை இல்ல. "பாப்போம், ஆள் விடுறேன்"னு அனுப்பிட்டாரு.

ஆள் வரல. ஒரு மாசம் போச்சு. அதுக்குள்ள எங்க அம்மன் கோயில்ல தீமிதி வந்துருச்சு. ரெண்டு பேருக்கும் சேந்து மேடை கெடச்சா பூ மிதிக்கிறேன் தாயேன்னு பெரியத்தை வேண்டிக்கிட்டு, கெடைக்கறதுக்கு முன்னாடியே காப்புக் கட்டிக்கிட்டாங்க. ஆத்தாளுக்கு முன்கூட்டியே குடுத்துட்டா அவ மறக்க மாட்டான்னு ஒரு நெனப்பு. எங்கம்மா மாப்பிள்ளை வேண்டித்தான் கட்டுறாங்கன்னு நெனச்சு, தானே மஞ்சக் கயித்த எடுத்துக் குடுத்தாங்க.

காப்புக் கட்டுனா மிதிச்சு முடிக்கிற வரைக்கும் ஊரு எல்லையத் தாண்டக் கூடாது. இது நம்ம சனங்க ஊருல இருந்து கொண்டாந்தது. அங்க எல்லைக்கல்லு இருக்குமாம். இங்க ரங்கூன்ல எல்லை எது? அந்தக் காலத்துப் பெரியவங்க கூடிப் பேசி, ஆறுதான் எல்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க. யாரு கேட்டா, எதுக்குக் கேட்டா, ஒண்ணும் தெரியாது. ஆறுன்னா ஆறுதான்.

காப்புக் கட்டி ரெண்டு நாள் இருக்கும், ஸயாவோட ஆள் வந்தான். கூட்டம் டாலாவுல மேடை போட்டிருக்கு, நாளைக்கு மத்தியானம் வந்து சனங்க முன்னாடி ஆடிக் காட்டணும், புடிச்சா அப்படியே கூட்டிட்டுப் போவாரு, ஆத்துல நீர் ஏறுனதும் படகு கடலோரக் கீழ்நாட்டுக்குக் கெளம்பிரும்னான். டாலா எங்க இருக்கு? ஆத்துக்கு அக்கரையில. இப்ப அங்க பாலம் வருதுங்கிறாங்க. அப்பெல்லாம் சம்பான்தான், துடுப்புப் போடுற படகு. இங்க நின்னா அக்கரையில ஆளு நடக்கறது தெரியும்.

ரெண்டு பேரும் அடுப்படியில உக்காந்து குசுகுசுன்னு சண்டை.

"நூலுதானக்கா. அவுத்து வச்சுட்டு வா. வந்து திரும்பக் கட்டிக்க."

"அவுத்தா ஆத்தா சும்மா விடுவாளாடி? எனக்கு ஆனாப் பரவாயில்ல."

சொல்லிட்டுப் பெரியத்தை என்னைப் பாத்தாங்க. முந்துன வருசம் எனக்கு அம்மை போட்டு, பொழைக்க மாட்டேன்னு எல்லாரும் கைய விட்டப்ப, ராவும் பகலும் வேப்பெலையில வச்சுப் பாத்தது அவங்கதான். எதுக்கு என்னப் பாக்குறாங்கன்னு எனக்குப் புரியல. பல்ல இளிச்சேன்.

"நீ போ"ன்னாங்க சின்னத்தைகிட்ட. "தலகாணி கணக்கு மறந்துராத. இடது பக்கமே நின்னு ஆடு. என் எடத்தக் காலியா விடு. பாக்குறவனுக்கு ஒரு ஆளு கொறையுதுன்னு தெரியணும். அப்பத்தான் எனக்காகப் படக நிறுத்தி வைப்பாரு."

"சரிக்கா. சத்தியமா."

சிநேகிதி வீட்டுக்குப் போறோம்னு அம்மாகிட்ட சொல்லிட்டு, ஆம்பளத் தொணைக்கு நான் கூடப் போனேன். படித்தொறை வரைக்கும் பெரியத்தை வந்தாங்க. சின்னத்தை மூஞ்சியில சந்தனம் மாதிரி தனகா அரைச்சு அப்பி, காதோரம் பூ வச்சு விட்டதெல்லாம் அவங்கதான். தண்ணி தொடுற படியில நின்னுக்கிட்டாங்க. சம்பான் போகப் போகத் திரும்பிப் பாத்தேன், கைய ஆட்டல, சும்மா நின்னாங்க.

டாலாவுல மூங்கில் மேடை, கீழ பாய். மத்தியான வெயில்ல சனங்க நெறைய. சின்னத்தை ஏறுனதும் "கலாம! கலாம!"ன்னு, கலா பொம்பளன்னு, பசங்க ஊளையிட்டாங்க. அது இடது ஓரமா நின்னுக்கிச்சு. பாட ஆரம்பிச்சதும் சத்தம் அடங்கிப் போச்சு. அப்படி ஒரு கொரலு. கொஞ்ச நேரத்துல ஸயா கீழ இருந்து கைய ஆட்டினாரு, நடுவுக்கு வா, நடுவுக்கு வான்னு. சின்னத்தை கேக்காத மாதிரி ஆடுச்சு. திரும்பவும் ஆட்டினாரு. வந்துருச்சு. சனங்க கத்துன கத்துல பாய்ல இருந்த கோழி பறந்துச்சு.

தண்ணி ஏறுற நேரம். சின்னத்தை என்னை ஒரு தமிழ் பால்காரரு கையில புடிச்சுக் குடுத்துச்சு, தெனமும் ஆறு தாண்டுறவரு. "மருமவனே, காப்பு அவுத்த அன்னிக்கே வரச்சொல்லு அத்தைய. ஆத்தோரமாத்தான் போறோம், எந்த ஊருல கேட்டாலும் சொல்லுவாங்க"ன்னு சொல்லும்போதே தனகா கரைஞ்சு ஓடுச்சு.

இக்கரையில பெரியத்தை அதே படியில நின்னுக்கிட்டு இருந்தாங்க.

"எங்கடா அவ?"

"படகுல ஏறிருச்சு அத்தை. உங்களக் காப்பு அவுத்ததும் வரச் சொல்லுச்சு."

"நல்லா ஆடுனாளா?"

"எல்லாரும் கை தட்டுனாங்க."

"ஓரமா நின்னாளா? என் எடத்த விட்டாளா?"

அவங்க சந்தோசப்படட்டும்னு எல்லாத்தையும் கொட்டுனேன். "மொதல்ல ஓரமாத்தான் நின்னுச்சு. அப்புறம் ஸயா கூப்புட்டாரு, நடுவுக்கு வந்துருச்சு. நடுவுலதான் அத்தை ரொம்ப நல்லா இருந்துச்சு, ஒரு ஆளே போதும்னு ஸயா சொன்னாரு."

பெரியத்தை படியில ஒக்காந்துட்டாங்க. முழங்கால் வரைக்கும் தண்ணி ஏறுது, எந்திரிக்கல. பெறகு, "வா, உனக்குப் பசிக்கும்"னாங்க.

வீட்டுல என்ன நடந்துச்சுன்னு சொல்லணுமா? அப்பா அக்கரைக்கு ஓடுனாரு, படகு போயிருச்சு. திரும்பி வந்து, இனிமே அவ பேச்சு இந்த வீட்டுல வரக்கூடாதுன்னுட்டாரு. சின்னத்தைய அதுக்கப்புறம் நாங்க யாரும் பாக்கல. கீழ்நாட்டுல பாடுதுன்னு ஒருத்தன் சொன்னான், காய்ச்சல்ல போயிருச்சுன்னு ஒருத்தன் சொன்னான். எது நெசமோ.

தீமிதி அன்னிக்கு சாயங்காலம் அப்பா என்னைத் தோள்ல வச்சிருந்தாரு. குழி நல்லா செவந்து கெடந்துச்சு. மஞ்சத் தண்ணி சொட்டச் சொட்ட ஒவ்வொருத்தரா ஓடி எறங்கிக் கடைசியில பால்குழியில கால வைக்கிறாங்க. தீயில நிக்காம போனா ஒண்ணும் ஆகாது, நின்னா வெந்துரும். எங்க தெருவுல தவழுற பிள்ளைக்கும் தெரியும் அது.

பெரியத்தை எறங்குனாங்க. ஓடல. மெதுவா நடந்தாங்க. பாதியில நின்னுட்டாங்க.

பொம்பளைங்க குலவை போட்டாங்க. "ஆத்தா எறங்கிட்டா! ஆத்தா எறங்கிட்டா!" மேளக்காரன் வேகத்தக் கூட்டுறான். கண்ணு தொறந்துதான் இருந்துச்சு அவங்களுக்கு. சாமி வந்தவங்க மாதிரி ஆடல, அலறல. காலக் குனிஞ்சு பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்பாதான் என்னை யார் கையிலயோ குடுத்துட்டு உள்ள பாஞ்சு தூக்கிட்டு வந்தாரு.

பெரிய ஆஸ்பத்திரியில ரொம்ப நாள் கெடந்தாங்க. வெரலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. நடக்கலாம், அவ்வளவுதான்னு டாக்டரு சொன்னாரு. நடந்தாங்க, சாகுற வரைக்கும், செவுத்தப் புடிச்சுக்கிட்டு.

அம்மா சோறு கொண்டு போகும்போது நானும் போவேன். ஒரு நாள் கட்டில்ல ஏறி ஒக்காந்து தெருக்கதையெல்லாம் சொன்னேன். "அத்தை, உங்க மேல ஆத்தாளே வந்து நின்னாளாம். ராவுத்தரு வீட்டுப் பொம்பளைங்ககூட பேசிக்கிறாங்க. நீங்க வந்ததும் உங்க கால்ல விழணும்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"என் கால்லயா?"ன்னாங்க.

"ஆமா. கால்லதான்."

துணி சுத்திக் கெடந்த கால ரெண்டையும் பாத்துட்டு, பெரியத்தை சிரிச்சாங்க. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு, பக்கத்துக் கட்டில்காரங்க திரும்பிப் பாக்குற அளவுக்குச் சிரிச்சாங்க. அத்தைக்கு வலி விட்டுருச்சுன்னு நெனச்சு, நானும் கூடச் சேந்து சிரிச்சேன்.