இரண்டு போட்ட டீச்சர்

போடியில், ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்கு மதிப்பெண் போடப் பழக்கும் பயிற்சியில் அந்த டீச்சர் என் பக்கத்து நாற்காலி. போடிமெட்டுப் பக்கம் மலையில், ஏலத்தோட்டப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வேலை. ஒல்லியான ஆள். பேச்சுப் பதிவைக் கேட்கும்போதெல்லாம் கண்ணை மூடி, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொள்வார்.

கடைசிப் பதிவுக்கு நாங்கள் போடும் மதிப்பெண், நிபுணர்கள் முன்பே போட்டதிலிருந்து ஒன்றுக்கு மேல் விலகினால் மதிப்பீட்டாளர் பட்டியலில் இடமில்லை. 

"எப்படியாச்சும் பட்டியல்ல வந்துரணும்ண்ணே," என்றார் டீச்சர். "மலைப் பிள்ளைக பேச்சு தெரிஞ்ச ஆளு ஒண்ணாச்சும் இதுல இருக்கணும்ல."

பதிவில் ஒரு சிறுமி தன் ஊரைப் பற்றித் தங்குதடையின்றிப் பேசினாள். எனக்கென்னவோ ஒப்பிப்பதுபோல் பட்டது. ஆனால் எல்லோரும் ஐந்துக்கு நான்கு என்றார்கள், நானும்தான். டீச்சர் மட்டும் இரண்டு.

"நிபுணர்கள் போட்டது நாலும்மா. மாத்திக்கிறீங்களா?" என்றார் பயிற்சியாளர்.

"இல்லைங்க சார். மனப்பாடமா ஒப்பிச்சா ரெண்டுக்கு மேல கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"மனப்பாடம்னு எப்படித் தெரியும்?"

முந்தானை விரலில் இறுகியது. "நான் எழுதிக் கொடுத்த பதிலுங்க. எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான்."

 ஆனாலும் விதி விதிதான். பட்டியலில் அவர் பெயர் வரவில்லை.

"வெரசா போகணும்ண்ணே, ஜீப்பு போயிரும்," என்று பையை எடுத்தவர், என் தாளை ஒரு கணம் பார்த்தார். அதில் நான்குக்கு அடியில், நான் முதலில் எழுதி அழித்த இரண்டு லேசாகத் தெரிந்தது.

அதை அவர் கவனித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.