இரத்மலானையிலிருந்து பதுளைக்கு ஒரு மணி பத்து நிமிடம்

அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயமொன்றில் பிறந்தவன் நான். இன்றுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் பதுளையில் கணித ஆசிரியராக இருந்த காலத்தில், வாடகை வீட்டின் முன்னறையில், ஒரு பழைய கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, விமானம் ஓட்டும் விளையாட்டொன்றில் நூற்றுக்கணக்கான மணி நேரம் பறந்திருக்கிறேன்.

ஜெட் விமானங்களை நான் தொடுவதில்லை. முப்பதுகளில் செய்த, மஞ்சள் நிற, இரண்டு பேர் இருக்கிற சின்ன விமானம்தான் எனக்குப் பிடித்தது. இறக்கை துணியால் ஆனது. தரையில் நிற்கும்போது மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கும். முன்னால் ஒன்றும் தெரியாது. வளைந்து வளைந்து ஓட்டி, பக்கத்து ஜன்னலால் பாதை பார்க்க வேண்டும்.

எங்கள் பாடசாலையின் புவியியல் ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இடம்பெயர்ந்த குடும்பத்தை வவுனியாவில் விட்டுவிட்டு, பதுளையில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். முதல் நாள் திரையைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார்.

"தம்பி, உவங்கட மலையள் பிழை."

உண்மைதான். அந்த விளையாட்டில் எங்கள் ஊவா மாகாணம் வெறும் பச்சைக் கம்பளம். பதுளை என்றொரு ஊரே இல்லை. அடுத்த வாரம் நில அளவை வரைபடமொன்றோடு வந்தார். கிராப் தாளில் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்திலிருந்து இரத்தினபுரி, அப்புத்தளை வழியாக ஒரு பாதை வரைந்தார். மலைகளின் உயரங்களையும் குறித்தார். திசைகளையும் நிமிடங்களையும் நான் கணக்கிட்டு ஓரத்தில் எழுதினேன். ஒரு மணி பத்து நிமிடம் பறந்து, எங்கள் பாடசாலை இருந்திருக்க வேண்டிய பச்சையில் நான் இறங்கியபோது அவர் எழுந்து நின்று கைதட்டினார். அந்தத் தாளைக் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டினேன்.

வடக்கிலிருந்து இயக்கத்தின் சிறு விமானங்கள் வந்து கொழும்புப் பக்கம் குண்டு போட்டது அதற்குப் பிறகுதான். மறுநாள் அவர் என்னை மைதானத்து ஓரமாக அழைத்துப்போனார்.

"அந்தப் படத்தை எரிச்சுப்போடும்."

"வெளையாட்டுதானே சேர்."

"உமக்கு விளையாட்டு. எனக்கு அப்பிடியில்லை."

சரி என்றேன். எரிக்கவில்லை. அழகான தாள் அது.

ஒரு ஞாயிறு காலை சிவில் உடையில் பொலிஸ்காரர் நான்கு பேர் வந்தார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று தெரியாது. ஒருவர் சுவரிலிருந்து தாளைக் கவனமாக உரித்தெடுத்தார்.

"இது யாரு கீறின?"

என் மனைவியைக் குசினிக்குள் போகச் சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தார்கள். யாரும் என்னை அடிக்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. நான்தான் வரைந்தேன் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது.

"நான் இல்லீங்க. எங்க ஸ்கூல் ஜோக்ரபி சேர்."

"அவர் எந்த ஊர்?"

"யாழ்ப்பாணம்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லின் பாரம் தெரிந்தேதான் சொன்னேன்.

என்னையும் கம்ப்யூட்டரையும் கொண்டுபோனார்கள். பாடசாலை அதிபர் வந்து பேசியதில் அன்று மாலையே என்னை விட்டுவிட்டார்கள். புவியியல் ஆசிரியரைப் பதினொரு மாதம் தடுத்து வைத்திருந்தார்கள். வழக்கு ஒன்றும் போடவில்லை.

"அவரு பேர சொல்லிட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"அவங்களுக்கே தெரிஞ்சிருந்திச்சி" என்றேன்.

விடுதலையானதும் வவுனியாவுக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு, அதற்கான கடிதங்களை எடுக்கப் பாடசாலைக்கு வந்தார். முன்பற்கள் இரண்டு இல்லை. நடைபாதையில் நான் வழியை மறித்து நின்றேன். மன்னிப்பு ஒன்றை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன்.

"கம்ப்யூட்டரைத் திருப்பித் தந்திட்டினமோ?" என்று அவர்தான் கேட்டார். குரலில் கோபமில்லை.

"தந்துட்டாங்க சேர்."

"நல்லம். படத்தின்ரை ஓரத்து எழுத்து ஆரின்ரை எண்டு கனதடவை கேட்டவங்கள். அதுவும் என்ரைதான் எண்டு சொன்னன்."

கைப்பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்தை நோக்கி இறங்கிப் போனார். எனக்குப் பத்தாம் வகுப்புப் பாடம் இருந்தது. போய் நடத்தினேன்.

அவருடைய வவுனியா விலாசம் அதிபரின் அலுவலகத்தில் இருந்தது. நான் அதைக் கேட்கவேயில்லை. அன்று அவர்கள் என்னை அடித்திருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும். அடிக்கவில்லை. கேட்டார்கள், சொன்னேன்.